தோட்டத்தில் பெரிய மூங்கில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது அடிக்கு மேல் உயர்ந்து, கழி கைப்பிடிக்குள் அடங்காத அளவு பருக்கும் மூங்கில்களைப் பற்றிய பக்கம் இது. தமிழ்நாட்டுச் சமவெளியை மனதில் வைத்து எழுதியது. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைக்கும் ‘லக்கி பேம்பூ’ மூங்கிலே அல்ல. அது டிரசீனா என்ற வேறொரு செடி, அதற்கு இங்கே விடை கிடைக்காது.

மூங்கில் வைத்தால் தோட்டம் முழுக்கப் பரவி வீட்டையே பெயர்த்துவிடும் என்கிறார்களே?

பரவும் மூங்கில் உண்டு, ஆனால் நம் ஊர் மூங்கில் அந்த ரகம் இல்லை. மூங்கிலின் அடியில் இருப்பது கிழங்கு. சீனா, ஜப்பான் போன்ற குளிர் நாட்டு வகைகளில் அந்தக் கிழங்கு மண்ணுக்கடியில் கயிறு போல ஓடி, பத்தடி தள்ளிக் கூடக் குருத்து விடும். வெளிநாட்டு வீடியோக்களில் பள்ளம் தோண்டி பிளாஸ்டிக் தகடு புதைக்கிறார்களே, அது இந்த வகைக்காகத்தான். நம்முடைய முள் மூங்கில், கல் மூங்கில், மஞ்சள் மூங்கில் எல்லாம் குத்தாக வளர்பவை. புதுக் கிழங்கு பழைய கிழங்கை ஒட்டியே வரும். குத்து ஆண்டுக்குச் சில அங்குலம் வெளிப்பக்கமாக விரியும், அவ்வளவுதான். இதற்குத் தகடு புதைப்பது வீண் செலவு.

ஆனால் ‘பரவாது’ என்றால் ‘இடம் கேட்காது’ என்று பொருளில்லை. பத்து வருடத்தில் அடிப்பகுதி மட்டுமே ஏழெட்டு அடி அகலம் ஆகிவிடும். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வைத்தால், விரியும் குத்து சுவரைத் தள்ளத்தான் செய்யும்.

எந்த வகையை வைக்கலாம்?

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, முள் பரவாயில்லையா, கழி எதற்கு வேண்டும் என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள்.

மஞ்சள் மூங்கில் (பாம்பூசா வல்காரிஸ், மஞ்சள் கழியில் பச்சைக் கோடு போட்டது) அழகுக்கு வைக்கச் சிறந்தது. முள் இல்லை. கழியை நறுக்கிப் புதைத்தாலே வேர் பிடிக்கும். 30 முதல் 50 அடி உயரம், 2 முதல் 4 அங்குலப் பருமன். குறை என்னவென்றால், கழியில் மாவுச்சத்து அதிகம். வெட்டி வைத்தால் சீக்கிரம் உளுத்துப்போகும்.

கல் மூங்கில் வறண்ட செம்மண்ணுக்கு ஏற்றது. ஆண்டுக்கு 750 மி.மீ. மழையிலும் தாக்குப்பிடிக்கும். வறண்ட இடத்தில் வளர்ந்த கழி உள்ளே துளையே இல்லாமல் கெட்டியாக இருக்கும், பெயரே அதனால் வந்ததுதான். லத்தி, ஏணி, கொடிப்பந்தல் கால் என்று உழைக்கும். உயரம் 25 முதல் 50 அடி. பருமன் பெரும்பாலும் 3 அங்குலத்தைத் தாண்டாது.

பால்கூவா, அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் திசு வளர்ப்பில் பெருக்கிய ‘பீமா’. இரண்டும் தடித்த சுவருள்ள, 3 முதல் 6 அங்குலக் கழி தரும். பீமா முள்ளில்லாதது. தண்ணீர் இருந்தால் வேகமாக வரும், தண்ணீர் இல்லையென்றால் பெயருக்கேற்ற உடம்பு வராது.

முள் மூங்கில் ஆற்றங்கரைக்காரர். 80, 90 அடி கூடப் போகும். அடியிலிருந்து வளைந்த முள் கிளைகள் பின்னிக்கொள்ளும். பண்ணையின் எல்லையில் உயிர்வேலியாக வைக்கலாம். வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். பத்து வருடம் கழித்து உள்ளே கை விட முடியாது.

அப்புறம், ராட்சத மூங்கில் (டென்ட்ரோகேலமஸ் ஜைகான்டியஸ்). கண்டிக்கு அருகே பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இதைப் பார்த்துவிட்டு வந்து, அதே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே அது நிற்பது மகாவலி ஆற்றங்கரையில், காற்றிலேயே ஈரம் இருக்கும் இடத்தில். மதுரை வெயிலில் உயிரோடு இருக்கும், ஆனால் அந்தப் பருமனை எதிர்பார்க்க வேண்டாம். தென்காசி, நாகர்கோவில் பக்கம், கொல்லிமலை, ஏற்காட்டு அடிவாரம் என்றால் முயன்று பார்க்கலாம்.

எவ்வளவு இடம் விட வேண்டும்?

சுவர், செப்டிக் டேங்க், கிணறு ஆகியவற்றிலிருந்து 12 முதல் 15 அடி. இரண்டு குத்துகளுக்கு நடுவே 15 முதல் 18 அடி. மின்கம்பியிலிருந்து 30 அடி. மூங்கில் நேராக நிற்பதில்லை, மழையில் நனைந்தால் நுனி குடை போல வளைந்து இறங்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் கம்பிக்குப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு, பிறகு வருடா வருடம் நுனி நறுக்கிக்கொண்டிருப்பார்கள். மூன்று சென்டுக்குக் குறைந்த மனையில் பெரிய மூங்கில் வேண்டாம்.

எப்போது, எப்படி நடுவது?

தென்மேற்கு மழை கிடைக்கும் கோவை, தேனி, கன்னியாகுமரிப் பக்கம் ஆனி, ஆடியில். மற்ற இடங்களில் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி. தண்ணீர் வசதி இருந்தால் சித்திரை, வைகாசி தவிர எப்போதும் நடலாம்.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி இருக்கும்படி குழி. மேல்மண்ணைத் தனியே குவித்து, அதோடு 10 கிலோ மக்கிய தொழு உரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். வேப்பம் புண்ணாக்கு கரையானுக்காக. புதுக் கன்று சாவதற்குக் கரையான் ஒரு பெரிய காரணம். பையிலிருந்த மண்மட்டம் தரைக்கு ஓர் அங்குலம் கீழே இருக்கட்டும். சுற்றிலும் இரண்டடி அகலத்துக்குத் தென்னை மட்டை, சருகு, எது கிடைத்தாலும் மூடாக்கு.

களிமண், கரிசல் நிலம் என்றால் குழி தோண்டாதீர்கள். அது மழையில் தொட்டியாகிவிடும். ஓர் அடி உயர மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். மூங்கிலுக்குத் தண்ணீர் பிடிக்கும், ஆனால் தேங்கிய தண்ணீரில் வேர் மூச்சடைத்து அழுகும்.

நட்டு இரண்டு வருடம் ஆகிறது. விரல் பருமனில்தான் கழி வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. மூங்கில் மரம் போல வருடா வருடம் பருப்பதில்லை. ஒரு கழி மண்ணை விட்டு வரும்போதே அதன் முழுப் பருமனோடு வருகிறது. இரண்டு, மூன்று மாதத்தில் முழு உயரத்தை எட்டிவிடும். அதன்பிறகு எத்தனை வருடம் நின்றாலும் ஓர் இழை கூடப் பருக்காது. உள்ளே மட்டும் கெட்டிப்படும்.

புதுக் குருத்துக்கான சாப்பாடு எங்கிருந்து வருகிறது? முந்தைய வருடக் கழிகளின் இலைகள் சமைத்துக் கிழங்கில் சேர்த்து வைத்ததிலிருந்து. அதனால்தான் முதல் வருடம் பென்சில், இரண்டாம் வருடம் விரல், மூன்றாம் வருடம் மணிக்கட்டு என்று படிப்படியாக ஏறும். நல்ல பராமரிப்பில் அந்த வகைக்குரிய முழுப் பருமன் ஐந்தாம், ஆறாம் வருடத்தில் கிடைக்கும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ‘ஒல்லிக் கழியை வெட்டினால் தடித்தது வரும்’ என்று முதல் இரண்டு வருடக் கழிகளை அறுத்துவிடுவார்கள். சமையல்காரரை அனுப்பிவிட்டு விருந்துக்குக் காத்திருப்பது போலத்தான். முதல் மூன்று வருடம் காய்ந்ததைத் தவிர எதையும் வெட்டக் கூடாது.

தண்ணீர் எவ்வளவு?

முதல் இரண்டு வருடம் மழையில்லாத நாட்களில் மூன்று நாளைக்கு ஒருமுறை 15 முதல் 20 லிட்டர். கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள். சொட்டுநீர் என்றால் தண்டை ஒட்டி ஒரே ஒரு சொட்டுவான் போதாது. குத்து விரிய விரிய, சுற்றிலும் நான்கைந்து இடத்தில் சொட்ட வேண்டும்.

தாகத்தை மூங்கிலே சொல்லிவிடும்: இலை நீளவாக்கில் சுருண்டு ஊசி போலாகும். நண்பகலில் சுருண்டு மாலையில் விரிந்தால் கவலையில்லை. காலை எட்டு மணிக்கே சுருண்டிருந்தால் அன்றே தண்ணீர் விடுங்கள். தண்ணீர் விட்ட பிறகும் விரியாமல், தண்டின் அடி கறுத்திருந்தால் அது தாகமில்லை, வேரழுகல்.

உரம்?

மூங்கில் புல் இனம். புல்லுக்கு எது பிடிக்குமோ அதுதான் இதற்கும்: தழைச்சத்து. மூன்று வயதுக்கு மேற்பட்ட குத்துக்கு ஆனியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை, தலா 20 கிலோ தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும். ரசாயன உரம் போடுபவர்கள் அதோடு 200 கிராம் யூரியா, 150 கிராம் பொட்டாஷ் சேர்க்கலாம். தண்டை ஒட்டிப் போடாமல், வெளிவட்டத்தில் தூவி மண்ணால் மூடுங்கள், ஏனெனில் புதுக் கிழங்கு அங்கேதான் இருக்கிறது.

உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். மூங்கில் இலையில் சிலிக்கா நிறைய உண்டு, கழிக்கு உறுதி தருவதில் அதற்கும் பங்குண்டு. சருகு அடியிலேயே மக்கினால் அந்தச் சத்து திரும்பக் கிடைக்கும்.

முளைத்து ஓரடி வந்த குருத்து அப்படியே நின்று அழுகிவிடுகிறது. நோயா?

பெரும்பாலும் நோய் இல்லை. வரும் குருத்துகளில் ஒரு பகுதியைக் குத்தே கைவிட்டுவிடும். கிழங்கில் உள்ள சத்து எல்லாவற்றுக்கும் போதாது. பாதி வரை விழுந்தாலும் இயல்புதான். உயிருள்ள குருத்தின் நுனியில் காலையில் பனித்துளி போல நீர் கோத்திருக்கும். செத்த குருத்தின் நுனி காய்ந்திருக்கும், இழுத்தால் நடுத்தண்டு கையோடு வந்துவிடும், புளித்த வாடை அடிக்கும். அதை அடியோடு வெட்டி எடுத்துவிடுங்கள்.

பத்தில் எட்டு விழுந்தால் காரணம் தேட வேண்டும். குருத்து வரும் நேரத்தில் தண்ணீர் நின்றுபோனது, குத்து நெரிசலாகிவிட்டது, அல்லது பெருச்சாளி, முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி கடித்திருக்கிறது. ஆட்டை, மாட்டைச் சொல்லவே வேண்டாம், குருத்து அவற்றுக்குக் கரும்பு மாதிரி. ஆடியிலிருந்து கார்த்திகை வரை குத்தைச் சுற்றி முள் அடைத்து வையுங்கள்.

குருத்து உறையைச் சும்மா கையால் தொடாதீர்கள். அதன்மேல் உள்ள பழுப்புச் சுணை தோலில் ஏறினால் ஒருநாள் முழுக்க அரிக்கும்.

எந்தக் கழிக்கு எத்தனை வயது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எதை வெட்டுவது, எதை விடுவது, எந்தக் கழி உளுக்கும், எது உழைக்கும் எல்லாம் வயதை வைத்துத்தான்.

ஒரு வயதுக்குள்: கணுவில் உறை ஒட்டிக்கொண்டிருக்கும். கழி பளிச்சென்ற பச்சை, மேலே விரலால் தடவினால் அழியும் வெள்ளைப் பொடி. கிளை குறைவு. கத்தியின் பின்பக்கத்தால் தட்டினால் மந்தமான ஓசை.

இரண்டு வயது: உறை உதிர்ந்திருக்கும், அல்லது அடிக்கணுக்களில் மட்டும் மக்கித் தொங்கும். வெள்ளைப் பொடி கணுவுக்குக் கீழே ஒரு வளையமாகச் சுருங்கியிருக்கும். கிளைகள் விரிந்திருக்கும்.

மூன்று, நான்கு வயது: உறை சுத்தமாக இல்லை. பச்சை மங்கி, சாம்பல் வெள்ளையில் காசு காசாகப் பாசித் திட்டுகள். தட்டினால் ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும். வெட்ட வேண்டியது இதைத்தான்.

ஆறு, ஏழு வயதைத் தாண்டியது: மஞ்சள் பழுப்பு, இலை குறைவு, ஓசையில் உடைசல். இது குத்துக்கும் உதவாது, உங்களுக்கும் உதவாது.

கண்ணை நம்பாதவர்களுக்கு எளிய வழி: மார்கழி முடிந்ததும் அந்த ஆண்டு வந்த கழிகளுக்கெல்லாம் நெஞ்சு உயரத்தில் ஒரு பெயின்ட் பொட்டு. இந்த வருடம் வெள்ளை, அடுத்த வருடம் சிவப்பு, அதற்கடுத்து நீலம். எந்த வருடம் எந்த நிறம் என்று சுவரில் எழுதி வையுங்கள், மறந்துபோகும்.

எப்படி, எவ்வளவு வெட்டுவது?

நான்காம் வருடத்திலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை, மார்கழி அல்லது தையில். அப்போது குருத்துப் பருவம் முடிந்திருக்கும், கழியில் மாவுச்சத்தும் குறைவு. ஆடி முதல் ஐப்பசி வரை கத்தியையே எடுக்காதீர்கள், ஒரு கழியை இழுக்கும்போது நாலு குருத்து முறியும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். தேய்பிறை பார்ப்பதில் நட்டமில்லை, ஆனால் மாதம் தப்பிவிட்டால் தேய்பிறை காப்பாற்றாது.

கணக்கு எளிது: இந்த ஆண்டு எத்தனை புதுக்கழி நிலைத்ததோ, அதற்கு மேல் வெட்டக் கூடாது. கன்றுக்கு எடுப்பது தவிர, மூன்று வயது ஆகாததைத் தொடக் கூடாது. சிக்கல் என்னவென்றால் புதுக்கழி வெளிவட்டத்தில் வரும், கிழவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். வெளியே நிற்பது கைக்கு எட்டுகிறதே என்று அதை வெட்டினால் குத்தின் எதிர்காலத்தை வெட்டியதாகும். புதுக்கழி குறைவாக உள்ள ஒரு பக்கத்தைத் தேர்ந்து, அங்கிருந்து நடுவரை ஒரு பாதை திறங்கள். மேலிருந்து பார்த்தால் குதிரை லாடம் போல இருக்க வேண்டும். அந்த வழியாக உள்ளே போய் முதிர்ந்ததை எடுங்கள்.

தரையை ஒட்டிய முதல் அல்லது இரண்டாம் கணுவுக்குச் சரியாக மேலே, கை ரம்பத்தால். அரிவாள் கழியைப் பிளக்கும். சாய்ந்த கழி என்றால் சாய்ந்த பக்கத்தில் முதலில் கால் பங்கு அறுத்துவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் அறுங்கள். நேரடியாக எதிர்ப்பக்கம் மட்டும் அறுத்தால் பாதியில் நெடுகப் பிளந்து முகத்தில் அடிக்கும். அடி அறுந்தாலும் கழி விழாது, நுனி மற்றவற்றோடு பின்னியிருக்கும். கயிறு கட்டி அடியை வெளியே இழுக்க வேண்டும்.

கணுவுக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டினால் அது ஒரு கிண்ணம். மழைநீர் தேங்கி டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். பழைய கட்டைகள் அப்படி இருந்தால் மணல் போட்டு நிரப்புங்கள், அல்லது அரிவாளால் பிளந்துவிடுங்கள்.

உயரத்தைக் குறைக்க நுனியை வெட்டலாமா?

வெட்டலாம். அந்தக் கழி அதற்கு மேல் வளராது, பக்கக் கிளைகள் அடர்த்தியாகும். ஆனால் இலையில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடக் கழி பழைய உயரத்துக்கே வரும்.

கிழங்கு மண்ணுக்கு மேலே தெரிகிறது. குத்து மேடாகிக்கொண்டே போகிறதே?

நெரிசலில் புதுக் கிழங்கு பழையதன் மேல் ஏறும். அப்படி ஏறியதற்கு வேர் மண்ணில் சரியாகப் பிடிக்காது. புயல் காற்றில் முதலில் சாய்வது இத்தகைய குத்துதான். வைகாசியில், மழைக்கு முன், அரையடி உயரத்துக்கு மண்ணும் எருவும் கலந்து அணையுங்கள். வருடா வருடம் செய்ய வேண்டியது. பெரிய மூங்கிலின் பராமரிப்பில் அதிகம் மறக்கப்படுவதும் அதிகம் பலன் தருவதும் இந்த மண் அணைப்புதான்.

மாசி, பங்குனியில் இலை மஞ்சளாகி மொத்தமாகக் கொட்டுகிறது.

இலை மாற்றம். பின்னாலேயே புது இலை வரும். மழைக்காலத்தில் இதே போலக் கொட்டினால் நீர்த்தேக்கமா பாருங்கள்.

இலையெல்லாம் கரி பூசியது போல இருக்கிறது.

அசுவினியோ மாவுப்பூச்சியோ மேலே உட்கார்ந்து தேன் போல ஒழுக விடுகிறது, அதில் கரும்பூஞ்சணம் படிகிறது. எறும்பு வரிசை போனால் உறுதி. எட்டும் உயரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில துளி காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று தடவை. எட்டாத உயரத்துக்கு எதுவும் வேண்டாம். நெரிசலைக் குறைத்து வெயிலும் காற்றும் உள்ளே போனால் பாதி குறைந்துவிடும்.

பாம்பு வருமா?

மூங்கில் குழிவிரியன் என்று ஒரு பாம்பு உண்டு. அது மலைக்காடுகளில் வாழ்வது. சமவெளித் தோட்டத்தில் பாம்பு வந்தால் மூங்கிலுக்காக வரவில்லை, வெட்டிக் குவித்த குப்பைக்குள் இருக்கும் எலிக்காக வருகிறது. வெட்டிய வளாரைக் குத்தருகே குவிக்காதீர்கள். அடியில் ஐந்தடி உயரத்துக்குப் பக்கக் கிளைகளைக் கழித்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

என் குத்திலிருந்தே கன்று எடுக்கலாமா?

மஞ்சள் மூங்கில், பால்கூவாவுக்குச் சுலபம். மாசி, பங்குனியில் ஒன்றரை, இரண்டு வயதுக் கழியை இரண்டு கணு இருக்கும்படி நறுக்குங்கள். கிளைகளை இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள், மொட்டில் அடி படக் கூடாது. இரண்டு கணுவுக்கு நடுவே ஒரு துளை போட்டு உள்ளே தண்ணீர் ஊற்றி, துணியோ பாலித்தீனோ சுற்றிக் கட்டி, துளை மேலே பார்க்கும்படி படுக்க வைத்து மூன்று அங்குலம் மண் மூடுங்கள். நிழலும் தினசரி ஈரமும் வேண்டும். முதலில் இலை வரும், அதைப் பார்த்து அவசரப்பட்டுத் தோண்டாதீர்கள். வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். கல் மூங்கிலுக்கு இது அவ்வளவாகக் கைகொடுக்காது. விதைக் கன்று வாங்குங்கள்.

பூத்தால் செத்துவிடுமாமே?

முள் மூங்கில் 40, 50 வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, சாகும். அந்த விதைதான் மூங்கில் அரிசி. உரம் போட்டு நிறுத்த முடியாது. விதை சில மாதம்தான் முளைப்புத் திறனோடு இருக்கும், உடனே விதைத்துவிடுங்கள், எலியும் அதற்காகக் காத்திருக்கும். மிசோரமில் வேறொரு வகை மூங்கில் 48 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும்போது எலி பெருகிப் பஞ்சமே வந்திருக்கிறது. உங்கள் தோட்டத்து ஒற்றைக் குத்தால் அப்படி எதுவும் நேராது. மஞ்சள் மூங்கில் பூப்பது மிக அபூர்வம்.

வெட்டிய கழி ஆறு மாதத்தில் மாவாகக் கொட்டுகிறது.

மாவுச்சத்தைத் தேடிவரும் சிறு வண்டு. மூன்று வயதுக்கு மேற்பட்ட கழி, மார்கழி தை வெட்டு, இவை இரண்டுமே பாதிப் பாதுகாப்பு. மீதிக்கு: 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெங்காரம் (போராக்ஸ்), 2 கிலோ போரிக் அமிலம். நீண்ட கம்பியால் உள்கணுக்களைத் துளைத்து, பச்சைக் கழியை ஒரு வாரம் முதல் பத்து நாள் மூழ்க வைத்து, நிழலில் உலர்த்துங்கள். மழையில் நனைந்தால் இந்த மருந்து கரைந்துபோகும், கூரைக்குக் கீழே பயன்படும் கழிக்குத்தான் இது. குளத்தில் ஒரு மாதம் ஊறப்போடும் பழைய முறையும் பலன் தரும், நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால்.

வெட்டி விற்க அனுமதி வேண்டுமா?

2017ல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்கு 1882ஆம் ஆண்டின் தனி வனச் சட்டம் இருக்கிறது. அதனால் லாரியில் ஏற்றுமுன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பட்டா நகலும் வண்டியில் இருக்கட்டும்.

குருத்தைச் சமைக்கலாமா?

பச்சையாக வேண்டாம், சயனைடு உண்டாக்கும் பொருள் அதில் உண்டு. மெல்லிசாக நறுக்கி அரைமணி நேரம் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தடவை வேக வைத்த பிறகுதான் சமையல்.

குத்தையே அகற்ற வேண்டும். எப்படி?

ஜேசிபி நுழைய வழியிருந்தால் அரைநாள் வேலை. இல்லையென்றால் வைகாசியில் எல்லாக் கழியையும் தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டு, மழையில் வரும் ஒவ்வொரு குருத்தையும் ஓரடி ஆவதற்குள் உதைத்து முறியுங்கள். இலை விரிய விடாமல் இரண்டு மழைக்காலம் விடாப்பிடியாகச் செய்தால் கிழங்கில் உள்ள சேமிப்பு தீர்ந்து அது மக்கத் தொடங்கும். பிறகு கடப்பாரைக்கு இடம் கொடுக்கும்.